குண்டுப் பிள்ளையும் குடல் கிருமியும்

இன்று ஹட்டனில் நோட்டன் பிரிட்ஜ் பஸ் புறப்படுவதற்குள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

பக்கத்து சீட்டில் ஒரு தாய், மடியில் கொழுகொழுவென்று மகள். பிள்ளைக்குச் சளி. தாய் ஓர் அன்டிபயோடிக் கெப்சூலைப் பிரித்து, கோப்பையிலிருந்த பால் சேர்க்காத பிளேன்டீயில் கொட்டினார்.

"மூத்தவனுக்குக் குடுத்ததுல மிஞ்சுனதுங்க. எப்ப சளி புடிச்சாலும் இதுதான்."

நேற்று இன்டர்நெட்டில் படித்தது என்னைச் சும்மா இருக்க விடவில்லை.

"அக்கா, வயித்துல நல்ல கிருமியும் இருக்குங்க. அடிக்கடி இதக் குடுத்தா அது செத்துரும். புள்ளைங்க குண்டாகுறதுக்கு அதுவும் காரணமா இருக்கலாம்னு சொல்றாங்க."

பிள்ளை ஸ்வெட்டரை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டது. தாய் என் பக்கம் திரும்பினார்.

"மூத்தவன தோட்டத்துல புள்ளைங்கள பாத்துக்குற பிள்ளக்காம்பராவுல நிறுக்கும்போதெல்லாம், நிறை பத்தலன்னு எல்லாருக்கும் முன்னால என்னையத்தான் ஏசுனாங்க. இவ சதை போட்டிருக்கா, இப்ப நீங்க ஏசுறீங்க. புள்ள எத்தன கிலோ இருந்தா தாய ஏசமாட்டீங்க, சொல்லுங்க?"

கேட்டுவிட்டு, பிளேன்டீயை ஜன்னலுக்கு வெளியே ஊற்றினார்.

நான் சொன்னதை அவர் நம்பிவிட்டார். ஆனாலும் இறங்கும்வரை அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

தாயை யாரும் ஏசாத நிறை எத்தனை கிலோ என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். நாளைக்கும் எனக்கு அதே பஸ்தான்.