வாளிக்குள் இருந்து வந்த குரல்

நகரத்துக்குக் குடிவந்து இத்தனை வருடம் ஆன பிறகும், பௌர்ணமி நெருங்கினால் எனக்கு ஊரில் எங்கள் பக்கத்துப் பண்ணை அம்மா எலுநெட் பிராசரின் ஆடுகளைப் பற்றிய கவலை வந்துவிடுகிறது.

கடல் ஏறி இறங்கும் உப்புப் புல்வெளிக்கு எங்கள் வேல்ஸ் கரையில் மோர்வா என்று பெயர். பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய கடல் ஏற்றத்தில் அது மொத்தமும் முழுகிவிடும். பதறுவது நான்தான்.

"என் ஆடுங்களுக்குத் தெரியும், கண்ணு. தண்ணி வர்றதுக்கு முன்னாடியே கரைக்கு வந்துரும்" என்பார் எலுநெட்.

மோர்வாவில் பிறந்த குட்டி, தாயின் பின்னால் நடந்தே அதைக் கற்றுக்கொள்ளும். அது தெரிந்தும் ஒரு இலையுதிர் காலத்தில் எலுநெட், மலைப்பண்ணைக்கார இட்வாலிடம் வாங்கிய ஆடுகளை நேராக அங்கே மேயவிட்டார். "பழக்காம விடாத" என்றிருக்கிறார் இட்வால். "ஆட்டைத்தான் வாங்கினேன், உன் புத்திமதியை இல்ல" என்று இவர் வெடுக்கென்று சொல்ல, அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

பெரிய ஏற்றத்தன்று மத்தியானம் பழைய ஆடுகள் வரிசையாகக் கரையேறின. மலை ஆடுகளோ ஒரு மேட்டில் நின்று நிதானமாக மேய்ந்துகொண்டிருந்தன. நாய் குரைத்ததும் கடல் பக்கம் நகர்ந்தன. எலுநெட் தீவன வாளியைக் குலுக்கினார், ஒன்றும் திரும்பவில்லை. நடுவிலிருந்த ஓடையில் தண்ணீர் ஏறத் தொடங்கியது.

"இட்வாலைக் கூப்பிடுங்களேன்" என்றேன்.

"அந்த ஆளையா? செத்தாலும் மாட்டேன்." ஓடையை இன்னொரு முறை பார்த்தார். "சரி, போனைப் போடு."

"என்ன மகாராணி, ஆடுங்க நீச்சல் பழகுதா?" என்றது போன்.

"வாயை மூடிட்டு உன் ஆட்டைக் கூப்பிடுய்யா!"

"வாயை மூடிட்டு எப்படிக் கூப்பிடறது?"

எலுநெட் தீவனத்தைக் கொட்டிவிட்டு, போனைத் தகர வாளிக்குள் போட்டு, அதன் வாயை மேட்டுப் பக்கம் திருப்பிப் பிடித்தார். "ஹோ... ஓ..." என்று வாளியில் முழங்கி நீண்டது இட்வாலின் குரல். தலைகள் நிமிர்ந்தன. ஒரு ஆடு ஓடையில் இறங்கியது. மற்றவை வயிறளவு தண்ணீரில் அதன் பின்னால் வந்தன.

"எல்லாம் வந்துச்சா?" குரலில் இப்போது கிண்டல் இல்லை.

"வந்துருச்சு." எலுநெட் போனை வாளியிலிருந்து எடுத்தார். "டீ போடறேன். வந்து குடிச்சிட்டுப் போ."

அதன் பிறகு ஒவ்வொரு பெரிய ஏற்றத்துக்கும் இட்வால் வந்து கரையில் நின்று கூப்பிட்டார். அடுத்த வருடமே மலை ஆடுகள் குட்டிகளோடு தாமாகக் கரையேறப் பழகிவிட்டன. இட்வால் வருவது நிற்கவில்லை.

"இன்னிக்கும் கூப்பிடணுமா?" என்பார், ஆடுகள் பக்கத்திலேயே நிற்கும்போது.

"வந்தது வந்துட்ட, கூப்பிட்டுட்டு உள்ள வா. டீ ஆறுது."