அஞ்சரைக்கு முடியாத ஷிப்ட்

பதில் சொல்ல நேரமில்லாதவர்களிடம் கேள்வி கேட்டுப் பிழைக்கிற தொழில் என்னுடையது. நோட்டும் கையுமாகத் தெருத்தெருவாக அலைந்தவர்களுக்கு இந்தப் பாடு புரியும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வேலம்பாளையத்தில், பனியன் கம்பெனிப் பெண்களின் குழந்தைகளுக்கு எங்கள் தொண்டு நிறுவனம் ஒரு காப்பகம் திறக்கவிருந்தது. அது எப்படி இருக்க வேண்டும் என்று அந்தப் பெண்களையே கேட்டுப் பத்து நாளில் சொல்ல வேண்டும். அவர்கள் சொல்வதை வரிக்கு வரி எழுத அவகாசமில்லை. ஆளுக்கு ஒரு தாளில் சுருக்கம், அதுவும் அன்றைக்கே.

மரியாதை

முதல் வீட்டில் பாய் விரித்து மோர் கொடுத்தார்கள். காப்பகத்தில் தண்ணீர், சாப்பாடு, இடம் என்று எதைக் கேட்டாலும் அந்த அம்மா நன்றாக இருக்கிறது என்றார். இன்னும் திறக்கவே இல்லையே என்றேன்.

"நீங்க மெனக்கெட்டு வந்திருக்கறீங்க. கொறை சொன்னா நல்லாருக்குமுங்களா?"

செக்கிங்

வீடுகளில் ஆள் கிடைக்காமல், அனுமதி வாங்கி, டீ நேரத்தில் கம்பெனிக்குள்ளேயே போனேன். என்னிடம் ஏழு கேள்விகள், அவர்களிடம் பத்து நிமிஷம். தைத்த பனியன்களில் பழுதை ஒதுக்கும் பீஸ் செக்கிங் அக்கா ஒருவர் தாளை வாங்கிப் புரட்டி, என் பேனாவாலேயே நான்கு கேள்விகளை அடித்தார்.

"இதெல்லாம் ரிஜெக்ட்டுங்க. மீதியக் கேளுங்க."

வாசித்துக் காட்டியது

ஷிப்ட் எப்போது முடியும் என்ற கேள்விக்கு எல்லாரும் ஐந்தரை என்றிருந்தார்கள். காப்பகமும் ஐந்தரை வரை என்று எழுதி, பெருமையாக அவர்களிடமே வாசித்துக் காட்டினேன். கோவில்பட்டியிலிருந்து வந்த செல்வமேரி மட்டும் முகம் வாடி நின்றாள். காப்பகம் சரிப்படாவிட்டால் இரண்டு வயது மகனை ஊரில் நாத்தனாரிடம் விட்டுவிட வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தாள்.

"ஷிப்ட் அஞ்சரைக்கு முடியும், அண்ணாச்சி. ஆனா இங்க எல்லாருக்கும் ஒண்ணரை ஷிப்ட்டுல்லா? வெளிய வர எட்டரை ஆயிரும்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. அத்தனை பேரும் சரியாகத்தான் சொல்லியிருந்தார்கள். நான்தான் பாதியைக் கேட்கவில்லை.

கேட்டில்

எட்டரைக் கணக்கை எங்கள் மேலதிகாரி நம்பவில்லை. ஒருத்தி பேச்சை வைத்துத் திட்டத்தை மாற்றுவதா என்றார். மறுநாள் ஐந்தரைக்கு அவரைக் கம்பெனி கேட்டுக்கே கூட்டிப் போனேன். மணி அடித்தது. ஒருவரும் வெளியே வரவில்லை. யாருக்காக நிற்கிறோம் என்று வாட்ச்மேன் விசாரித்தார், ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்காக என்றோம்.

"அரை ஷிப்ட்டு இப்பத்தானுங்க ஆரம்பிக்குது. ஊருக்குப் புதுசுங்களா?"

மேலதிகாரி அங்கேயே என் தாளை வாங்கி, ஐந்தரையை அடித்து ஒன்பது என்று எழுதினார். திறந்த அன்று முதல் பெயராகச் செல்வமேரி மகனின் பெயரை நானே எழுதினேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

வேலம்பாளையத்துக்கே தெரிந்த ஒரு விஷயத்தை, ஒரு கட்டுத் தாளைத் தீர்த்துப் பத்து நாளில் தெரிந்துகொள்வதற்குத்தான் ஆய்வு என்று பெயர்.