அத்தான் சத்தம் போடாத நாட்கள்

சில வாரங்களுக்கு முன் என் அத்தான் (அக்காவின் கணவர்) இறால் சாப்பிட்டு, செத்துப் பிழைத்தார். ஒவ்வாமை. தொண்டை வீங்கி மூச்சே நின்றுவிட்டது. மலேசியாவின் ஜொகூர் பாருவில் ஒரு மருத்துவமனையில் அவசர அவசரமாக மூச்சுக்குழாயில் டியூப் செருகிக் காப்பாற்றினார்கள். அந்தக் கைகள் நன்றாக இருக்கட்டும்.

டியூப்பை எடுத்த பிறகு பார்த்தால்... குரலைக் காணோம். வெறும் காற்றுதான் வந்தது. டியூப் போட்டால் தொண்டை கட்டுவது சகஜம், சில நாளில் சரியாகாவிட்டால் வந்து காட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். சரியாகவில்லை. யார் போனது?

ஏன் போகவில்லை தெரியுமா? அத்தான் அந்த ஊரின் தம்போய் வட்டாரத்தில் கார் ஓட்டக் கற்றுத் தருபவர். அவர் போடும் சத்தத்தில் பாதிப் பேர் அழுதுகொண்டேதான் லைசன்ஸ் எடுத்திருக்கிறார்கள். இப்போதோ எல்லாம் சைகை! வாத்தியார் தங்கமாக மாறிவிட்டார் என்று புதிதாக ஆட்கள் சேர்ந்தார்கள். அக்கா அதற்கும் மேலே. "வீடு இப்பதான்டா வீடு மாதிரி இருக்கு லா," என்று எனக்கு போன் போட்டுச் சொன்னாள். அடுத்தவருக்குத் தொந்தரவு தராத நோயை யார் நோய் என்று மதிக்கிறார்கள்?

ஒரு நாள், முன்னால் லாரி நிற்பதைக் கவனிக்காமல் ஒரு மாணவி எண்ணெயை, அதாவது ஆக்ஸிலரேட்டரை, மிதித்துவிட்டாள். அத்தான் "பிரேக்" என்று கத்தினார். கத்தியதாக அவர்தான் நினைத்தார் — அவள் காதில் ஒன்றும் விழவில்லை. நல்ல வேளை, அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. கார் நின்றது.

வீட்டுக்கு வந்தவர் காரை விட்டு இறங்கவே இல்லை. அக்கா போய்ப் பார்த்தால், ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதுகொண்டிருக்கிறார். சத்தமே இல்லாமல்.

மறுநாளே தொண்டை டாக்டரிடம் ஓடினார்கள். குரல்நாணை அசைக்கும் சின்னக் குருத்தெலும்பு ஒன்று, டியூப் நுழைந்தபோது இடம் நழுவியிருக்கிறதாம். அபூர்வமாக நடப்பது, யார் மேலும் தப்பில்லை. உடனே வந்திருந்தால் சுலபம், இப்போது முயற்சி செய்து பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். இதை எனக்குச் சொல்லும்போது அக்கா விம்மினாள்.

மயக்கம் கொடுத்து அந்தக் குருத்தெலும்பை நகர்த்தி வைத்தார்கள். போன வாரம் நானும் கூடப் போயிருந்தேன். ஏதாவது பேசுங்கள் என்றார் டாக்டர். அத்தான் அக்காவைப் பார்த்தார். கரகரப்புதான், ஆனாலும் குரல்!

"இத்தன நாளா நல்லா நிம்மதியா இருந்தியா?"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். இன்னும் ஒரு வாரம் வாயையே திறக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்.

"மூணு நாள் போதாதா டாக்டர்?"

கேட்டது அத்தான் இல்லை.