அப்பா, நான் வந்துட்டேன்

சாகக் கிடப்பவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுத் துணையாக இருப்பது என் வேலை. மருந்து, ஊசி எதுவும் என் கையில் கிடையாது. "பேசறதுக்குக் கூடவா ஒரு ஆளு?" என்று திண்டிவனத்தில் என்னைக் கிண்டல் செய்யாத கடைக்காரர் இல்லை. ஒரு நாள் வந்து உட்கார்ந்து பாருங்கய்யா, அப்போது தெரியும்.

பெருமுக்கல் பக்கம் ஒரு வீடு. நான் போனபோதே பந்தல்காரர் வாசலை அளந்துகொண்டிருந்தார். உள்ளே பெரியவர் உயிரோடு படுத்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருக்குப் பார்வை போய்விட்டது, காது போகவில்லை. வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்டு குயிலாப்பாளையம் போன மகள் ஒரு தடவை வர வேண்டும். அவர் கேட்டது அது ஒன்றுதான். அவளை வாசற்படி ஏறவிட மாட்டேன் என்று மகன் ஒற்றைக்காலில் நின்றார்.

யாரையோ எதிர்பார்த்து உயிர் இழுத்துக்கொண்டிருந்தால், அந்த ஆள் கையால் பால் ஊற்றினால் அடங்கிவிடும் என்று எங்கள் பக்கம் நம்புவார்கள். மகன் அதற்கொரு குறுக்கு வழி கண்டுபிடித்தார். தன் மனைவியையே மகளாக நடிக்கச் சொன்னார்.

"வேணாங்க. அவருக்குக் காது நல்லா கேக்குது" என்றேன்.

"நீங்க சும்மா இருங்கக்கா. நிம்மதியா போவட்டும்."

மருமகள் அவர் கையைப் பிடித்துக் கிசுகிசுத்தாள். "அப்பா, நான் வந்துட்டேன்."

பெரியவர் அந்தக் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். அதே நேரம் வாசலில் யாரோ கூப்பிட, பழக்க தோஷத்தில் "தோ வர்றேன்!" என்று சொந்தக் குரலில் கத்தித் தொலைத்தாள் அந்தப் பாவி. பெரியவர் கையை உதறினார். அதற்கப்புறம் தண்ணீருக்கும் வாய் திறக்கவில்லை.

அந்த மூடிய வாயைப் பார்த்த பிறகுதான் மகனுக்குப் பயம் பிடித்தது. "சாபம் வுட்டுட்டுப் போயிடுவாரோக்கா?" என்று கேட்டுக்கொண்டே தங்கைக்குப் போன் போட்டார்.

சாயங்காலம் அவள் வந்தாள். அழுது அழுது தொண்டை கட்டிப்போயிருந்தது. கட்டில் ஓரம் உட்கார்ந்து, "அப்பா, நான் வந்துட்டேன்" என்றாள். ஐயோ, அதே வார்த்தை.

பெரியவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் அவர் காதருகே குனிந்தேன். "ஐயா, இது உங்க பொண்ணேதாங்க. சத்தியமா சொல்றேன்."

"உன்னையும் சொல்லச் சொல்லிட்டானாம்மா?" என்றார்.

மகள் ஊற்றிய பால் கடைவாயில் வழிந்து தலையணையில் இறங்கியது. அவர் விழுங்கவில்லை.