மறுபடியும் விடுவீங்களா?

ஒருவரின் பிழைப்புக் கெடுமென்று அவர் குறையை மறைப்பது கருணையாகுமா?

பக்கவாதத்தால் பேச்சிழந்த என் அம்மாவைக் கவனித்துக்கொள்ள ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்திருந்தோம். காவல்துறைச் சரிபார்ப்பில் குறையேதும் இல்லை. தன் மாமியாரைப் பார்த்துக்கொள்ள அவரை முன்பு வேலைக்கு வைத்திருந்த மதுக்கரை வீட்டுக்காரம்மாவையும் தொலைபேசியில் அழைத்து விசாரித்தேன்.

"நல்ல புள்ளைதானுங்க அம்மணி," என்றார்.

நிம்மதியாக இருந்தது. ஆனால் அம்மாவால் எதையும் சொல்ல முடியாதே என்ற அச்சம் என்னை மேலும் கேட்க வைத்தது: "உங்க மாமியாரை மறுபடியும் அவங்ககிட்ட விடுவீங்களா?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மாட்டேனுங்க. சோத்துக்கு வாயத் தொறக்காட்டி கன்னத்தைக் கிள்ளிப்போடுவா. ரெண்டு புள்ளைகளை வெச்சுட்டுப் பாடுபடறா, அவ பொழப்புல மண்ணப் போடக்கூடாதுன்னு பேசாம இருந்தேனுங்க."

அந்தப் பெண்ணை வரவேண்டாமென்று சொல்லிவிட்டேன். காரணத்தையும் அவரிடமே சொன்னேன்.

இப்போது எங்களிடம் வேலை செய்தவர்களைப் பற்றி யார் விசாரித்தாலும், கண்ட நல்லதையும் கெட்டதையும் சேர்த்தே சொல்கிறேன்.