வாய்க்கால் தூர்வாரிய நாளின் படம்

எர்லிந்தா பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறாள். வண்டியை நிறுத்திவிட்டு வந்தால் மீதிப் பொழுதெல்லாம் ஸ்கேனர் முன்னால்தான். சான் லூயிஸ் பள்ளத்தாக்கில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும், அடக்கம் முடிந்த கையோடு பழைய படங்களை பிஸ்கட் டப்பாவில் போட்டு அவளிடம் கொடுத்துவிடுவார்கள். அவற்றை இணையத்தில் ஏற்றுவது அவளாக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை.

அப்படி ஏற்றிய ஒரு படம்தான் இப்போது வினையாகிவிட்டது. அவளுடைய அப்பா எடுத்தது. வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. சருகும் புதரும் மண்டிக் கிடக்கின்றன. கீழே 'பெரியப்பா வாய்க்கால், வசந்தம்' என்று மட்டும் எழுதியிருந்தாள். அது தூர்வாரும் நாளின் காலை என்று ஊரில் யாருக்குச் சொல்ல வேண்டும்? தூர்வார அடைத்த வாய்க்கால் வறண்டுதானே கிடக்கும்?

வாய்க்காலின் மேல்பகுதியில் பண்ணை வாங்கியிருக்கும் வெளியூர்க்காரரின் வக்கீல் அதை வேறு மாதிரிப் பார்த்தார். இது பல வருஷம் பாயாமல் கைவிட்ட வாய்க்கால், ஆகவே காலமான பெரியப்பாவின் மகன் ஃபிதென்சியோவுக்குத் தண்ணீர் உரிமை இல்லை என்று மனுப் போட்டுவிட்டார்.

ஃபிதென்சியோ தொப்பியைக்கூடக் கழற்றாமல் அவள் சமையலறைக்குள் வந்தார்.

"முதல்ல அந்தப் படத்தை எடு."

"எடுத்தா ஒளிச்சோம்னு சொல்வாங்க அண்ணே. வக்கீல் நகல் எடுத்து வெச்சாச்சு."

"எல்லாத்தையும் உலகத்துக்குக் காட்டாட்டி உனக்குத் தூக்கம் வராதே! என் குதிரைமசால் தீவனப் பயிருக்கு இனி யாரு தண்ணி விடுவா? நீ பஸ்ல கொண்டுவந்து ஊத்துவியா?"

அவள் கணினியைத் திருப்பி, அதே ஃபிலிம் சுருளின் அடுத்த படத்தைக் காட்டினாள். அதே வளைவு, அதே சாய்ந்த மரம். வாய்க்காலுக்குள் ஆட்கள் மண்வெட்டியோடு நிற்கிறார்கள். கரையில் பெரியப்பா மல்லாந்து கிடக்கிறார், கையில் காலிப் புட்டி. ஒருவன் அவர் வயிற்றின் மேல் மண்ணை அள்ளிக் கொட்டுகிறான், மற்றவர்கள் சிரிக்கிறார்கள்.

"இதை ஏன் போடலை?"

"பெரியப்பாவை இப்படி எப்படிண்ணே போடறது?"

"அவரு இருக்கிற பக்கத்தை வெட்டிட்டுப் போடு."

"வெட்டினா, திருத்தின படம்னு தள்ளிடுவாங்க."

அவர் திரைக்கருகே குனிந்தார். வீட்டுக்கு ஓர் ஆள் இறங்கித் தூர்வார வேண்டும் என்பது ஊர்க் கட்டு. இறங்காத வீட்டுக்கு முறைத் தண்ணீர் கிடையாது.

"அன்னைக்கு அவரு பங்கையும் நான்தான் வெட்டினேன். அதோ, முதுகு மட்டும் தெரியுதே, அது நான்" என்றார். பிறகு, "போட்டுடு."

போகும்போது கதவை அறைந்து சாத்தவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

படம் ஏறிய அடுத்த ஞாயிறு, தேவாலய வாசலில் யாரோ கேட்டார்கள்: "என்ன ஃபிதென்சியோ, உங்கப்பா எந்திரிச்சிட்டாரா?" அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

வழக்கு இன்னும் முடியவில்லை. இந்த வசந்தத்தில் தூர்வார எர்லிந்தா இறங்கியபோது, அவர் தம் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, அவள் இருந்த இடத்தை விட்டு, வாய்க்காலின் அடுத்த கோடிக்கு நடந்தார்.