எடைமேடைக்காரரின் பகா எண்

லாரி டிரைவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'வகுத்தல்'. எடைமேடையில் வேலை. லாரி மேடையேறி நின்று எடைச்சீட்டு வெளியே வருவதற்குள், அதன் நம்பர் எந்தெந்த எண்ணால் வகுபடும் என்று ஒப்பித்துவிடுவார். யார் கேட்டார்கள்? ஒருத்தரும் கேட்கவில்லை. ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் பகா எண்ணாக ஒரு நம்பர் வாய்த்துவிட்டால், அன்றைக்கு மனுஷனுக்குத் தலைகால் புரியாது.

மகன் கணித ஆராய்ச்சிக்குப் போனதும் தொல்லை அவன் பக்கம் திரும்பியது. தினமும் போன். "தம்பி, இன்னிக்கு ஒரு நம்பர் வந்துச்சு பாரு..." தானும் மகனும் ஒரே தொழில்காரர்கள் என்று அவருக்கு நினைப்பு. நண்பர்கள் பக்கத்தில் இருக்கும்போது அந்த போன் வந்தாலே மகனுக்கு உடம்பு கூசும். ஒருநாள் அவனே ஓர் எண் சொன்னான்: 4,77,43,651.

"இது பகா எண்ணான்னு யாருக்கும் தெரியாதுப்பா. கையால போட்டுப் பாருங்க. முடிச்சுட்டு நேர்ல வந்து சொல்லுங்க. அதுவரைக்கும் போன் வேணாம், கவனம் சிதறும்."

மகன் தன்னை மதித்து ஒரு வேலை கொடுத்திருக்கிறான்! அதன்பின் அவர் போனைத் தொடவேயில்லை. எடைமேடை அறைச் சுவர் முழுக்க ஏழாயிரம் வரைக்கும் ஒற்றைப்படை எண்களைச் சாக்பீஸால் எழுதினார். ஒன்றையொன்று பெருக்கினால் வருகிறவற்றைக் கோடு போட்டு அடித்தார். மிஞ்சிய பகா எண் ஒவ்வொன்றாலும் வகுத்தார். இந்த அளவு எண்ணுக்கு அதற்குமேல் போகத் தேவையில்லை. மழை போய், வெயிலும் போயிற்று. ஒன்றாலும் வகுபடவில்லை.

சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். மகனின் அறையில் நண்பர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வாசலிலிருந்தே கத்தினார்: "தம்பி, பகா எண்தான்டா!"

முதலில் சிரித்தது மகன். ஒரு நண்பன் போனில் தட்டிப் பார்த்து, "6029 பெருக்கல் 7919, அங்கிள்" என்றான்.

"6029-ஐ அடிச்சிருந்தேனே... ஐயோ, 37-ஐ 163-ஆல பெருக்கினா 6031. அதை அடிக்கப்போயி பக்கத்து நம்பரை அடிச்சுட்டேன்." சட்டென்று நிமிர்ந்தார். "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"நான்தானே பெருக்கிக் குடுத்தேன். உங்க போன் நிக்கணும், வேற வழி தெரியல. அதையும் உருப்படியா பண்ணல நீங்க."

நண்பர்களுக்கே முகம் சுண்டிப்போனது. ஓங்கி ஓர் அறை விட்டிருக்கலாம் அவர். பெற்ற பாவம், நின்றுகொண்டிருந்தார்.

"சரி, வேற ஒண்ணு குடு. இந்தத் தடவை பாத்து அடிக்கிறேன்."

மகன் தலை நிமிராமல், கைக்கு வந்த இலக்கங்களை ஒரு துண்டுத்தாளில் கிறுக்கி நீட்டினான். நீளமான எண். கடைசி இலக்கம் 4. இரண்டால் வகுபடும் என்று பள்ளிக்கூடத்துப் பொடிசு கூடச் சொல்லிவிடும்.

அவர் அந்த நாலைப் பார்த்தார். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"கஷ்டமான நம்பர்தான் தம்பி. முடிக்க ரொம்ப நாளாகும். அதுவரைக்கும் போன் பண்ணமாட்டேன்."